போதகருக்குத் தெரியாத மாத்திரை, டாக்டருக்குத் தெரியாத உபவாசம்

சேலத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் மனநல மருத்துவரிடம் போகத் தொடங்கியதும் அந்த வீட்டில் இரண்டு ரகசியங்கள் குடியேறிவிடுகின்றன. சபையில் மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. மருத்துவமனையில் ஜெபத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் ஓடின. ஆயர் வீடு சந்திக்க வருகிறார் என்று தெரிந்தால், அம்மா என் தம்பியின் மாத்திரை அட்டைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பார். டாக்டர், "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டால், தம்பி லெந்து நாட்களில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருப்பதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். இந்த இரண்டாவது ரகசியத்தால் அவன் ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனான்.

ஆகவே, இப்போதுதான் இந்தப் பாதையில் அடியெடுத்து வைக்கும் குடும்பங்களுக்கு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள், நோயாளியின் அக்கா. சபையில் பல குடும்பங்களோடு மருத்துவமனை வரிசையில் நின்றவள். நீங்கள் சி.எஸ்.ஐ. சபையாக இருந்தாலும், கத்தோலிக்கப் பங்காக இருந்தாலும், பெந்தெகொஸ்தே சபையாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: டாக்டரிடம் ஜெப வாழ்வைச் சொல்லுங்கள், போதகரிடம் சிகிச்சையைச் சொல்லுங்கள்.

முதல் படி: நோயா, ஆவிக்குரிய போராட்டமா என்று தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்

பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். "முதலில் ஜெபித்துப் பார்ப்போம், பிறகு டாக்டர்" என்று மாதங்கள் கழிகின்றன. மனச்சிதைவு போன்ற நோய்களில் சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு தேறுவதும் கடினமாகும். ஜெபித்துக்கொண்டே போகலாமே! எசேக்கியா ராஜா சாகும் நிலையில் அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டார், பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுத்தார். அதே அத்தியாயத்தில், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் பற்றுப் போடவைத்தார். ஜெபத்துக்குப் பதிலும் கிடைத்தது, மருந்தும் போடப்பட்டது. கத்தோலிக்கர்களின் வேதாகமத்தில் சீராக் ஞானநூல் 38ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படை: நோயுற்றால் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு.

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்திருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள். யாரும் பேசாதபோது குரல் கேட்பது, காரணமில்லாமல் எல்லோர்மேலும் சந்தேகம் வருவது, தூங்காமலேயே களைப்பின்றிப் பேசிக்கொண்டிருப்பது என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

"பிசாசு பிடித்திருக்கிறது" என்று உறவினர் சொன்னாலும் படி இதுதான். வலிப்பு நோய், தைராய்டுக் கோளாறு, மூளைக்காய்ச்சல் எல்லாமே ஒருவரை ஆள் மாறியவராகக் காட்டக்கூடியவை. காய்ச்சலோடு சேர்ந்த குழப்பம் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. கத்தோலிக்கத் திருச்சபையே பேயோட்டும் சடங்கை மறைமாவட்ட ஆயரின் தனிப்பட்ட அனுமதி பெற்ற குரு மட்டுமே நடத்தலாம் என்று சட்டம் வைத்திருக்கிறது. அதற்கு முன் அது நோய் அல்ல என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும் அதன் மறைக்கல்வி ஏடு சொல்கிறது. தெரு முனைக் கூட்டத்தில் தலைமுடியைப் பிடித்து உலுக்குவதற்கு எந்தச் சபையின் பெயராலும் நியாயம் இல்லை.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், "உயிரை விட வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காவிட்டால் அவர் அதைத் தனியே சுமக்கிறார். அன்றைக்கே எலிப் பசை, பூச்சிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். எஸ்டேட் குடியிருப்புகளில் தெளிப்பு மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கண்காணியிடம் கேட்கத் தயங்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 108க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார். ஆகவே போலீசுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: எங்கே போவது

சேலம் நகரில் இருப்பவர்களுக்கு முதல் இடம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். அரசின் மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. மாத்திரையை வீட்டுக்கு அருகே பெற முடியுமா என்று மனநலப் பிரிவிலேயே கேளுங்கள். மாதாமாதம் ஏற்காட்டு மலை இறங்கி வருவது பலருக்கு முடியாத காரியம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு சிறு சங்கதி. மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களில் குமட்டல் வரலாம். அந்த வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கிவிட்டு, "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு பெண் நிறுத்திவிட்டார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாமா, இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தால் போதும். அந்தக் குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கே போக வேண்டும் என்று பல குடும்பங்கள் துடிக்கின்றன. பாகாயத்தில் அதன் மனநல மையம் 1957 முதல் நடந்துவருகிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை அங்கே உண்டு. சேலத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலும் இருக்கிறது. மனநலத்துக்கென்றே உள்ள நிம்ஹான்ஸ் பெங்களூரில் இருக்கிறது. ஆனால் எளிய மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொடர்ந்து போக முடிகிற மருத்துவரே நல்ல மருத்துவர். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் விசுவாசத்தை மதிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

யார் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு வழிச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர்; அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். "கவுன்சிலர்" என்ற பலகையை எவரும் மாட்டிக்கொள்ளலாம். கிறிஸ்தவக் கவுன்சிலர் என்றால் அன்போடு கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எத்தனை நாள் பயிற்சி, நிலைமை மோசமானால் யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

ஜெப இல்லங்களில் நோயாளியைத் தங்கவைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எந்த மதத்தை நம்பிப் போனார்கள் என்பது இங்கே பொருட்டே அல்ல. சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் தடை செய்கிறது. மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே விடாதீர்கள்.

மூன்றாம் படி: டாக்டரிடம் ஜெப வாழ்வைச் சொல்லுங்கள்

ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று நிமிடத்தில் சொல்ல அதுவே வழி. பக்தியைப் பற்றிச் சொன்னால் டாக்டர் சிரிப்பார் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. நாங்கள் சொல்லாமல் விட்டதுதான் ஆபத்தானது.

உபவாசம். மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைப் பிறழ்வுக்கு லித்தியம் என்ற மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் ஆகியவை நச்சாகும் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என் தம்பிக்கு ஏப்ரல் வெயிலில், பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம் இது நடந்தது. நடுக்கத்தை நாங்கள் பரிசுத்த ஆவியின் "அபிஷேகம்" என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்றவையும் லித்தியத்தின் அளவை ஏற்றும்; கேட்காமல் வாங்காதீர்கள். அளவு பார்க்க, கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். காலை மாத்திரை உண்டென்றால் இரத்தம் கொடுத்த பிறகே எடுங்கள். சிறுநீரகமும் தைராய்டும் இடைவெளி விட்டுப் பரிசோதிக்கப்பட வேண்டும். உபவாசம் வேண்டுமென்றால் உணவுக்குப் பதிலாக வேறொன்றைத் தவிர்க்கலாம்: கைப்பேசி, தொலைக்காட்சி, இனிப்பு. நோயாளியை உபவாசத்திலிருந்து விலக்கி வைப்பதை எந்தப் போதகரும் குறையாகக் கொள்ளக் கூடாது.

முழு இரவு ஜெபம். இருமுனைப் பிறழ்வு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே மன எழுச்சியைத் தூண்டிவிடும். என் தம்பியின் முதல் தாக்குதல் தொடர்ந்து மூன்று இரவுகள் ஜெபத்தில் விழித்திருந்த பிறகுதான் வந்தது. நான்காம் நாள் மாதச் சம்பளம் முழுவதையும் பஸ் நிலையத்தில் கண்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சபையார் அதைத் தியாகம் என்று பாராட்டினார்கள். இப்போது இரவு பத்து மணிக்கு ஜெபத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறான். பிள்ளை பெற்ற தாய்க்கும் இதே எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் முதல் வாரங்களில் தூக்கமே இல்லாமல், குழப்பமாகப் பேசினால், ஜெபக் குழுவை வீட்டுக்கு வரவழைப்பதற்கு முன் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

திருவிருந்து. குடிப்பழக்கத்தை நிறுத்த டைசல்பிராம் என்ற மாத்திரை சிலருக்குத் தரப்படுகிறது. அதை எடுக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தி வரும். இரத்த அழுத்தம் விழும். உங்கள் சபையின் பாத்திரத்தில் இருப்பது ஒயினா, நொதிக்காத திராட்சைச் சாறா என்று ஆயரிடம் கேளுங்கள். ஒயின் என்றால் அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். கத்தோலிக்க நம்பிக்கையில் அப்பத்தில் மட்டும் பெறுவதும் முழுமையான நற்கருணையே. இருமல் டானிக்குகள் சிலவற்றிலும் மது உண்டு.

மற்றபடி மாத்திரை பற்றிச் சுருக்கமாக: மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல்முறை வந்த நோய் என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வார்கள். இவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் வேறு வகை. அவற்றுக்குப் பழக்கம் உண்டாகும், ஆகவே எவ்வளவு நாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: போதகரிடம் சிகிச்சையைச் சொல்லுங்கள்

சபை முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் நோயாளியிடம் அனுமதி கேளுங்கள். சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. பிறகு ஆயர் அல்லது பங்குத்தந்தை ஒருவரிடம், வீட்டிலோ அவர் அறையிலோ, ஆராதனை முடிந்த கூட்ட நெரிசலில் அல்லாமல் சொல்லுங்கள். என்ன சொல்வது என்று தெரியாதவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் வாசகம் இது: "ஐயா, என் தம்பிக்கு மனநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் ஜெபம் எங்களுக்கு வேண்டும். மாத்திரை சாப்பிட நீங்களும் அவனை உற்சாகப்படுத்த வேண்டும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பல போதகர்கள் தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமலேயே தடுமாறுகிறார்கள். வேலையைக் கையில் கொடுத்தால் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள்.

ஜெபக் குறிப்புச் சீட்டில் பெயரையும் நோயையும் எழுதாதீர்கள். "ஒரு குடும்பத்தின் சுகத்துக்காக" என்றால் கர்த்தருக்குத் தெரியும். பெயரோடு வாசிக்கப்பட்ட ஒரு குறிப்பு, மறுநாளே ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சை முறித்ததை நான் அறிவேன்.

"யார் செய்த பாவம்?" என்று எவராவது கேட்டால், பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் அதே கேள்வியைக் கேட்டதையும், இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னதையும் யோவான் 9இல் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: பேச்சுச் சிகிச்சையும், பாவ பயம் என்ற நோயும்

சி.பி.டி. எனப்படும் முறையில், மனத்தில் தானாக எழும் எண்ணங்களைப் பிடித்து, அவை உண்மையா என்று சோதிக்கப் பழக்குவார்கள். "கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்பதும் அப்படிச் சோதிக்கத்தக்க எண்ணம்தான். வேத வசனங்களையும் சங்கீதங்களையும் சேர்த்து நடத்தப்பட்ட சி.பி.டி. ஆய்வுகளில் வழக்கமான முறைக்கு ஈடான பலனைத் தந்திருக்கிறது. ஆகவே உங்கள் விசுவாசத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவரலாமா என்று தாராளமாகக் கேளுங்கள்.

சபைகளில் யாரும் பேசாத ஒரு நோய் உண்டு. ஜெபத்தில் முழங்கால் போட்டதும் தேவனைப் பற்றி ஆபாசமான எண்ணம் பாய்ந்து வரும். மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று உயிர் நடுங்கும். மன்னிப்புக் கேட்பார், மீண்டும் எண்ணம் வரும், மீண்டும் கேட்பார், ஒரு நாளில் நூறு தடவை. இது எண்ணச் சுழல் நோயின் (ஓ.சி.டி.) ஒரு வடிவம். இயேசு சபையை நிறுவிய லொயோலாவின் புனித இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசாவில், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி பெறாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை துன்பப்பட்டார். இந்த எண்ணங்களை வெறுப்பதால்தான் இந்த நோய் உள்ளவர் துடிக்கிறார். அவற்றை விரும்புகிறவர் அல்ல அவர்.

இந்த நோயில் மட்டும் போதகரின் கனிவு நோயை வளர்த்துவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் "மன்னிக்கப்பட்டுவிட்டாய்" என்று ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே அடுத்த சுற்றுக்கு எண்ணெய் ஊற்றும். சிகிச்சை நேர்மாறானது: எண்ணம் வரட்டும் என்று விட்டு, மன்னிப்புக் கேட்கும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவது, தேவையென்றால் மாத்திரையும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு இளம்பெண்ணின் விஷயத்தில் உளவியலாளரும் பங்குத்தந்தையும் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தார்கள்: மாதம் ஒரு முறை மட்டும் ஒப்புரவு எனும் பாவ அறிக்கை, ஒரே பாவத்தை இரண்டாம் முறை சொல்லக் கூடாது, ஃபாதர் அதற்கு ஆறுதல் சொல்லவும் மாட்டார். முதல் மாதம் அவள் அழுதாள். நான்காம் மாதத்தில் ஒரு முழுத் திருப்பலிக்கும் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாம் படி: குணமாக்கும் கூட்டத்துக்குப் போகும் முன்

போங்கள், ஆனால் ஒரு முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள்: மேடையிலிருந்து என்ன சொல்லப்பட்டாலும், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு மாத்திரைகூட நிறுத்துவதில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மாத்திரை அவிசுவாசம் என்று முழங்கியதைக் கேட்டு என் தம்பி லித்தியத்தைச் சாக்கடையில் கொட்டினான். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆறாவது வாரத்தில் அவனை நான்கு பேர் பிடித்துக்கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மனிதர் அதற்குள் வேறு மாவட்டத்தில் இருந்தார்.

சாட்சி சொல்ல அழைத்தால் அவசரப்பட வேண்டாம். சொன்னால் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டு, பானைக்குள் ஒளித்த அட்டையை வெளியே எடுக்கும் இன்னொரு அம்மா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக, சபையார் செய்ய வேண்டியவை

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்லி, மறுபடியும் தூங்கவிட்டான். இரண்டாம் முறையும் வந்து தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். டைபாய்டு வந்த வீட்டுக்குக் கஞ்சியும் ரசமும் கொண்டுபோகிற நம் பெண்கள் ஐக்கியமும் அன்பியங்களும் மனநோய் வந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போய் வசனம் மட்டும் சொல்லிவிட்டு வருகின்றன.

சாப்பாடு கொண்டுபோங்கள். நோயாளியின் அம்மா இரண்டு மணி நேரம் தூங்க, நீங்கள் வீட்டில் இருங்கள். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் துணைக்குப் போங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றிருக்கிறது. வாலிபர் ஐக்கியத்தில் பைக் வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை மாத்திரை வாங்கி வரலாம். தனியாக முடங்கிக்கிடப்பவரை மாலையில் இருபது நிமிடம் நடக்க அழைத்துப் போங்கள். கோவாவில் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே மனச்சோர்வு உள்ளவர்களைச் சிறுசிறு செயல்களுக்குத் திரும்பவைத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வரும் குடும்பத்துக்கு, மருத்துவமனைக்கு அருகே வசிக்கும் ஒருவர் காலை இட்லியும், டோக்கன் வாங்கும்வரை உட்கார ஒரு திண்ணையும் கொடுக்கலாம்.